விருந்தாளிக்கு அபராதம் இல்லை

நிஸ்வா, ஓமான்
பிப்ரவரி 9

அன்புத் தம்பி பாஸுவுக்கு,

அக்கா யாம்னாவின் சலாம். உன் மனைவி தூடாவுக்கும் பிள்ளைகளுக்கும், என்னைக் கண்டாலே உதைக்க வரும் உன் கழுதைக்கும் சேர்த்துத்தான்.

போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் நீ கத்துகிறாய், நான் துண்டித்துவிடுகிறேன். பிறகு ஒரு மாதம் இருவருக்கும் வீம்பு. காகிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். சந்தைத் தபாலகத்திலிருந்து லஹ்சன் தன் லாரியில் கொண்டுவந்து தருவான் என்று நம்புகிறேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களிடம் 'ஊர் சுற்றுகிறாள்' என்று சொல்கிறாயாம். பாதி சரிதான், இது ஒரு பல்கலைக்கழகத்தின் ஊர்சுற்றும் படிப்பு. எங்கெங்கிருந்தோ வந்த இருபது மாணவர்கள். தாவரம் படித்தவர், பொருளாதாரம் படித்தவர், சடங்கும் சம்பிரதாயமும் படித்தவர் என்று ஆசிரியர்கள் நாலு பேர். எல்லோருக்கும் தலைவி இங்ரிட், நார்வேக்காரி. நான் அவளுக்கு உதவியாளர். ஒரு பருவம் முழுக்க நாடு நாடாகப் போய் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம். இருப்பதைத் தின்று தீர்த்துவிடாமல் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து பிழைக்கிறார்கள்?

இங்கே மலைக்கடியிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் முறைத் தண்ணீர். ஷம்ஸா என்று ஒருத்தியைப் பார்த்தேன். மஸ்கட்டில் பல் மருத்துவர். இந்த ஊரில் பிறந்து கல்யாணமாகிப் போனவள், இங்கே விருந்துக்குத்தான் வருகிறாள். ஆனாலும் அவள் முறை வரும்போது தண்ணீர் அவள் பெயரில் ஓடுகிறது. ஏனென்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வாரத்துக்கு மாணவர்களை நம் அக்தாலுக்கு, அந்தப் பொது மேய்ச்சல் புல்வெளிக்கு, அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஜூன் முதல் வாரம். புல் வளர யாரும் கால் வைக்காமல் புல்வெளி மூடியிருக்கும் காலம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஜூலையில் திறக்கும்போது இவர்கள் எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள். ஆடு எதுவும் வராது. பார்க்கிற கண்கள் மட்டும்தான். இந்த வருஷம் உன்னைத்தான் ஊர்ச்சபை காவலுக்கு வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இது நன்றாக நடந்தால் நிரந்தர வேலை கிடைக்கும் என்கிறாள் இங்ரிட். ஆனால் அது மட்டும் காரணமில்லை பாஸு. போகிற இடமெல்லாம் அடுத்தவர் வீட்டைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறேன். ஒரே ஒரு தடவை 'இது என் ஊர்' என்று சொல்லி நிற்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா யாம்னா


ஐத் உஸ்ரூ, மொராக்கோ
மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாஸுவின் சலாம். கழுதைக்கு உன் சலாமைச் சொன்னேன். மதிக்கவில்லை.

பனி இன்னும் கூரையில் கிடக்கிறது. அம்மா உனக்கு விட்டுப்போன மூன்று ஆட்டில் கறுப்புத்தலைக்காரி குட்டி போட்டிருக்கிறாள். குட்டியின் காதிலும் உன் அடையாளக் குறியையே வெட்டியிருக்கிறேன். தூடா உனக்காக வெண்ணெய் உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். நீ வராவிட்டால் நானே தின்றுவிடுவேன்.

நீ கேட்டது முடியாது.

கோபப்படாமல் படி. போன வாரம் ஹ்மாத் வந்து நின்றான். அவன் ஆட்டுக்குக் கால் வீக்கம். "ஒரே ஒரு நாள் பாஸு, ஓரத்துல நிக்கட்டும், ஒரு வாய் பச்சை தின்னா எந்திரிச்சிரும்" என்றான். அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவன். முடியாது என்று அனுப்பிவிட்டேன். ஆடு செத்துப்போயிற்று. இப்போது நீ இருபது பேரோடு மேலே நடந்தால் நான் ஹ்மாத் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உன் மாணவர்கள் புல் தின்ன மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் புல்லில் நம்மைப் போலவே பங்குள்ள மேலூர்க்காரர்கள் கணவாயில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க நம் பக்கத்தையே பார்க்கிறார்கள். நாம் அவர்களைப் பார்க்கிறோம். இந்தப் பார்வையில்தான் அந்தப் புல் நிற்கிறது. நான் காவல் காப்பதாலா நிற்கிறது? நான் ஒற்றை ஆள், மத்தியானத்தில் தூங்கிவிடுகிறேன்.

ஜூலையில் திறந்த பிறகு வா. உன் நார்வேக்காரியையும் கூட்டி வா.

தம்பி,
பாஸு


ஜெர்பா, துனீசியா
ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

ஹ்மாத்தின் ஆட்டுக்காக வருந்துகிறேன். ஆனால் என்னை அவனோடு சேர்க்காதே. அவன் மேய்க்க வந்தான், நான் சொல்லிக் கொடுக்க வருகிறேன்.

இந்தத் தீவில் மழைத் தண்ணீரைத் தரைக்கடியில் சேர்த்துவைத்த தொட்டிகளைப் பார்த்தோம். பலதும் இப்போது குப்பைத்தொட்டி. குழாய் வந்ததும் யாரும் கவலைப்படவில்லையாம். என் மாணவி ஒருத்தி கேட்டாள், "நாம போற எல்லா இடத்துலயும் இப்படி முடிஞ்சு போனதைத்தானா பாக்கணும்? உயிரோட இருக்கிறது ஒண்ணுகூட இல்லையா?" இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் ஊரில் இருக்கிறது, ஜூனில் காட்டுகிறேன் என்று. எல்லோர் முன்னாலும் சொன்னேன், பாஸு. பஸ்ஸும் பேசியாகிவிட்டது.

நீ மறுப்பதற்குப் புல் மட்டும்தான் காரணமா? அம்மாவின் அடக்கத்துக்கு நான் ஒரு நாள் பிந்தி வந்ததை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாயோ என்று தோன்றுகிறது. உன்னை முதுகில் கட்டிச் சுமந்தது யார் என்று ஊரில் கேட்டால் அக்கா என்றுதான் சொல்வார்கள். அந்தக் கணக்கிலாவது ஒரு சரி சொல்லேன்.

யாம்னா


காவல் குடிசை
மே 6

அக்காவுக்கு,

சுமந்தாய். இரண்டு தடவை கீழேயும் போட்டாய். நெற்றித் தழும்பு இருக்கிறது.

அம்மா விஷயம் மனதில் இருக்கிறதுதான். ஆனால் அதை இதில் கலக்க மாட்டேன். கலந்தால் நான் காவலுக்கு லாயக்கில்லாதவன்.

முடியாது. வீட்டுக்கு வா. எல்லோருக்கும் நான் சோறு போடுகிறேன். புல்வெளியைக் கீழே நின்று பார்க்கட்டும், நாங்களும் கீழே நின்றுதான் பார்க்கிறோம்.

பாஸு


மராகேஷ்
ஜூன் 8

அன்புத் தம்பி பாஸு,

எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கீழேயிருந்து பார்க்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன், நம்பு. பஸ் நம் ஊருக்கு வரும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. ஓட்டுநர் மேலூர் வழியாகச் சுற்றினார். கணவாயில் இறங்கினோம். காலடியில் மஞ்சளும் ஊதாவுமாக அத்தனையும் பூத்துக் கிடந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புல்லில் நான்தான் முதல் அடி எடுத்து வைத்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை.

நீ குடிசையிலிருந்து இறங்கி வந்தபோது கத்துவாய் என்று காத்திருந்தேன். நீயோ சிரித்து சலாம் சொல்லி எல்லோரையும் உட்காரவைத்து, பார்லி ரொட்டியும் மோரும் கொடுத்தாய். பொருளாதாரம் படிக்கும் பையன் உன்னிடம், "இதுக்குள்ள வந்தா அபராதம் எவ்வளவு? முன்னாடியே கட்டிட்டு வந்தா விடுவீங்களா?" என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தேன். "முன்னாடியே கட்டினா அது அபராதம் இல்லை தம்பி, வாடகை" என்று நீ சொன்னதும் இங்ரிட் கைதட்டிவிட்டாள். அன்றைய பாடமே அதுதான் ஆகிவிட்டது.

பிறகு சபை கூடி எனக்கு அபராதம் வேண்டாம் என்று முடிவு செய்ததாக லஹ்சன் போன் செய்தான். அழுதுவிட்டேன். சபைத் தலைவர் இத்தருக்கும் மற்றவர்களுக்கும் என் நன்றியைச் சொல். அவர்கள் பெரிய மனதோடு என்னை மன்னித்துவிட்டார்கள். நீயும் மன்னிப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அக்கா
யாம்னா


ஐத் உஸ்ரூ
ஜூன் 17

அக்காவுக்கு,

சபை உன்னை மன்னிக்கவில்லை. இதை எப்படிச் சொல்வதென்று மூன்று நாளாக யோசித்துவிட்டு, இப்போது அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் போன மறுநாள் விடிந்ததும் மேலூர்க்காரர்கள் மந்தையை உள்ளே ஓட்டிவிட்டார்கள். "வெளிநாட்டுக்காரன் நடக்கலாம், எங்க ஆடு நடக்கக்கூடாதா?" என்று சத்தம். வெளியே விரட்டி முடிக்க இரண்டு நாளாயிற்று. ஹ்மாத்தும் என்னோடு நின்று விரட்டினான், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓடைக்கரைப் பக்கம் முழுக்க மொட்டையாகிவிட்டது. இந்த வருஷம் குளிருக்கு முன்னாலேயே மந்தையை இறக்க வேண்டியிருக்கும்.

சபை கூடியது. மேலூர்க்காரர்களுக்கு அபராதம். வாதாடினார்கள், திட்டினார்கள், கடைசியில் ஆடு வெட்டிச் சமைத்து நம்மோடு உட்கார்ந்து தின்றார்கள். இப்போது சந்தையில் பார்த்தால் தோளில் கை போடுகிறார்கள். அப்புறம் உன் பேச்சு வந்தது. இத்தர் கையை ஆட்டி, "யாம்னாவை விடுங்கப்பா. கட்டிக்குடுத்துப் போன பொண்ணு, அவ விருந்தாளி. விருந்தாளிக்கு எங்கயாச்சும் அபராதம் போடுவாங்களா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் அக்கா. உன் மேல் இருந்த கோபத்தில், ஆமாம் விருந்தாளியாகவே இருக்கட்டும் என்று ஆட்டினேன்.

வெளியே வரும்போது இத்தர் மெதுவாகச் சொன்னார், "அந்த மூணு ஆட்டுக் காதுலயும் உன் குறியைப் போட்டுரு பாஸு. விருந்தாளி ஆட்டுக்கு ஏது மேய்ச்சல்?"

நீ நன்றி சொல்லச் சொன்னாய். நான் யாரிடமும் சொல்லவில்லை.

பாஸு


ஃபெஸ்
ஜூன் 26

பாஸு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இந்த ஃபெஸ் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. புல்லுக்கு நான் செய்த கேடு எனக்குப் புரிகிறது. அதற்கு என்ன சொன்னாலும் காணாது. எல்லோரும் காத்துக்கொண்டிருந்த ஒன்றை, என்னால் காத்திருக்க முடியாது என்பதற்காக மிதித்தேன். தெரிந்தே மிதித்தேன்.

ஆனால் விருந்தாளி என்று சொன்னதை நான் விடமாட்டேன். எழுதுவதைச் சபையில் படித்துக்காட்டு, படிக்காமல் போ, உன் இஷ்டம்.

பெலைதின் மகன் லியோனில் கார் ஓட்டுகிறான். ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று? அவன் மந்தை போன வருஷம் இரண்டு நாள் முந்தி மேலேறியபோது அவனுக்கு அபராதம் போட்டீர்கள். அங்கிருந்து அவன் சொல்லி, அவன் ஆட்டை வெட்டி, எல்லோரும் தின்றீர்கள். நீயே சொல்லிச் சிரித்தாய். அவன் போனால் வேலைக்குப் போனவன். நான் போனால் கட்டிக்கொடுத்துப் போனவளா? என் புருஷன் என்னை விட்டுப்போய் எத்தனை காலம்? நான் யார் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தவள் இப்போது?

இத்தனை ஊர் சுற்றி, இத்தனை பேரிடம் கேட்டு, நான் படித்தது ஒன்றே ஒன்றுதான். எங்கெல்லாம் பொதுவானது பிழைத்துக் கிடக்கிறதோ அங்கெல்லாம் யார் நம்மவர் என்பதில் ஒரு தெளிவு இருக்கிறது. அந்தத் தெளிவில் சில இடங்களில் பெண்ணைச் சேர்த்திருக்கிறார்கள், சில இடங்களில் சேர்க்கவில்லை. ஓமானில் ஷம்ஸா என்னை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இப்போது புரிகிறது. அவளுக்கு அந்தக் கேள்வியே வந்ததில்லை.

நான் தப்புச் செய்தேன். எனக்கு அபராதம் போடச் சொல். நானாக ஒரு ஆட்டை வெட்டிப் போட்டால் அதை விருந்து என்றுதான் சொல்வார்கள், எனக்கு அது வேண்டாம். நான் உள்ளே வந்ததைப் பார்த்தவன் நீதான். புகார் சொல்ல வேண்டியவனும் நீதான்.

காதுக் குறியில் கை வைக்காதே.

யாம்னா


ஐத் உஸ்ரூ
ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துக்காட்டவில்லை. என் வாயாலேயே சொன்னேன். நடந்ததைக் கேள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சபை உட்கார்ந்தது. பெண்கள் சபையில் உட்காருவதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பளி உலர்த்த அன்றைக்கென்று ஊரிலுள்ள அத்தனை பெண்களுக்கும் வேலை இருந்தது. தூடா யாரிடம் என்ன சொன்னாளோ.

நான் எழுந்து, "காவல்காரனா ஒரு புகார் இருக்கு. எங்க அக்கா யாம்னா மூடியிருக்கும்போது உள்ள வந்தா. நான் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

இத்தர் தலையில் கை வைத்தார். "உனக்கு என்ன கிறுக்கா? சபை போனாப் போகுதுன்னு விட்டதை நீ ஏண்டா புடிச்சு இழுக்கிற?"

"போனாப் போகுதுன்னு நீங்க விட்டது எங்க அக்காவை. அதான் இழுக்கிறேன்."

"அவ விருந்தாளிப்பா."

"விருந்தாளி இல்லை, திருடி. இந்த ஊர்த் திருடி. அவளை விருந்தாளின்னு சொல்லிக் கேவலப்படுத்தாதீங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெலைது மகன் கதையை எடுத்துப் போட்டேன். பெலைதுக்குக் கோபம், "என் பையனை எதுக்கு இழுக்கிற, அவன் ஆம்பளை" என்றார். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செத்துப்போன மோஹாவின் பெண்டாட்டி ஹத்தா குரல் கேட்டது. அந்த விதவைக்குப் போன வருஷம் அபராதம் போட்டோமே, ஞாபகமிருக்கிறதா? "நான் ஒரு கை புல்லு அறுத்ததுக்கு ஒரு ஆட்டை வெட்டிப் போட்டேன். இவ பஸ்ஸு நிறைய ஆளைக் கூட்டிட்டு வந்து மோரைக் குடிச்சிட்டுப் போவா, அவளுக்கு ஒண்ணும் கிடையாதா? என்ன நியாயம் இது?" என்று கத்தினாள். பின்னாலேயே மற்றப் பெண்களும். இத்தர் இரண்டு தடவை அமைதி, அமைதி என்றார். ஒன்றும் எடுபடவில்லை.

ஹ்மாத் எழுந்தான். செத்த ஆட்டைப் பற்றிப் பேசப் போகிறான் என்று நினைத்தேன். "என்னை இவன் உள்ள விடலை. நான் ஒண்ணும் சொல்லலை, ஏன்னா யாரையும் விடலை. யாம்னாவை விட்டா என்னையும் விட்டிருக்கணும். போடுங்க அபராதம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

போட்டார்கள் அக்கா. இரண்டு ஆடு. பெலைது மகனுக்கு ஒன்றுதான், உனக்கு இரண்டு, ஏனென்றால் நீ படித்தவள், தெரிந்தே செய்தாய் என்று இத்தர் சொன்னார். ஆடு உன் மந்தையிலிருந்துதான் எடுக்க வேண்டும். திறப்பு நாளுக்கு முன் நீ நேரில் வந்து உன் கையால் குஸ்குஸ் சமைத்து இரண்டு ஊருக்கும் போட வேண்டும். மேலூர்க்காரர்கள் இப்போதே நாள் என்னவென்று கேட்கிறார்கள்.

காதுக் குறியை நான் தொடவில்லை. தொடச் சொன்னவரே இப்போது "அதெல்லாம் யாம்னா ஆடுதானே" என்கிறார்.

நான் அன்றைக்குத் தலையாட்டினேன் இல்லையா. அதற்கு நீ என்னை இரண்டு அறை அறையலாம். ஆனால் சமையல் முடிந்த பிறகு.

உன் தம்பி,
பாஸு


ஃபெஸ்
ஜூலை 10

என் அன்புத் தம்பி பாஸுவுக்கு,

அல்லாஹ் உன்னை நன்றாக வைக்கட்டும். உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் தனியாக இருந்தேன். அழுதேன், அப்புறம் சிரித்தேன், அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, எனக்கு அபராதம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பாவம், ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

பாடத்தின் கடைசி அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். மூடிய புல்வெளியில் நான் மாணவர்களை நடக்கவிட்டதையும், அதனால் ஓடைக்கரை மொட்டையானதையும். நிரந்தர வேலை இனிக் கிடைக்குமா, தெரியவில்லை. கிடைக்காவிட்டால் வருத்தமாகத்தான் இருக்கும், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

தீர்ப்பை மாணவர்களுக்கு எழுதி அனுப்பினேன். உடனே பதில்கள். எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு ஆடு வாங்கித் தருகிறார்களாம். தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். இங்ரிட்டும் போன் செய்து, பயணச் செலவில் எழுதிக்கொள்ளலாம், பல்கலைக்கழகமே கட்டட்டும் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள்.

"இது எனக்குப் போட்டது. உங்களுக்கு இதைக் கட்ட உரிமை கிடையாது" என்றேன். புரிகிறது என்றாள். புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை லஹ்சனின் லாரியில் வருகிறேன். பெரிய அண்டாவை மசூதியிலிருந்து வாங்கி வைக்கச் சொல் தூடாவிடம். ஹத்தாவும் வந்து வெங்காயம் உரிக்கட்டும், அன்றைக்குக் கத்தியவள் சும்மா இருக்க வேண்டாம். கறுப்புத்தலைக்காரியை மட்டும் விட்டுவிடு, அவள் குட்டி இன்னும் பால் குடிக்கும். மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்.

அதற்குள் சபையில் யாராவது இரக்கப்பட்டு, இரண்டு ஆட்டை ஒன்றாகக் குறைக்கலாம் என்று சொன்னால், என் சார்பில் ஒத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
ஐத் உஸ்ரூ யாம்னா